சிவப்புப் புள்ளியும் மண்கரையும்: அயர்லாந்தின் தொல்லியல் வரைபடச் சேவை எவ்வளவு உதவும்?

அயர்லாந்தின் மத்தியகாலக் கோட்டை வளவுகள் பலவற்றில் கல் போய்விட்டது, மண் நின்றுவிட்டது. புல் மூடிய கரை, தூர்ந்துபோன அகழி, உச்சி தட்டையான ஒரு மேடு, அவ்வளவுதான் மிச்சம். அந்த மண்ணை ஹட்டனிலோ பதுளையிலோ இருந்துகொண்டு தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நல்ல கருவி ஒன்று இருக்கிறது. அந்த நாட்டின் தேசிய நினைவுச்சின்னச் சேவை நடத்தும் ‘ஹிஸ்டோரிக் என்வைரன்மன்ட் வியூவர்’ என்ற இணைய வரைபடம் அது. பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் முதல் பக்கத்திலேயே வரும். கட்டணம் இல்லை.

ஆனால் இதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு மண்கோட்டையைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். ஒரு சின்னம் எங்கே இருக்கிறது, என்ன வகை, யார் எப்போது பார்த்து என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் இதில் கிடைக்கும். நிலம் எப்படி ஏறி இறங்குகிறது என்பது கிடைக்காது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இந்த மதிப்புரையில் பாதி அந்த இரண்டாவது ஜன்னலைப் பற்றியது.

முதலில் எதைத் தேடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். 1169இல் வெக்ஸ்ஃபோர்ட் கரையில் நோர்மன்கள் இறங்கினார்கள். பிடித்த இடத்தைக் காக்க அவசரத்துக்குக் கட்டியது மண்ணும் மரமும். அதில் இரண்டு வகை. ஒன்று ‘மொட்’: சுற்றிவர அகழி வெட்டி, அந்த மண்ணைக் குவித்து உச்சியைத் தட்டையாக்கிய செயற்கைக் குன்று. அதன் காலடியில் ‘பெய்லி’ என்ற தாழ்ந்த வளவு ஒன்று ஒட்டியிருக்கலாம். மற்றது ‘ரிங்வேர்க்’: குன்று கிடையாது, ஒரு வளவைச் சுற்றி உயர்ந்த கரையும் ஆழமான அகழியும் மட்டும். இவற்றுக்கு இரண்டு மூன்று நூற்றாண்டு கழித்து வந்தவை கோபுர வீடுகள். 1429இல் டப்ளினைச் சுற்றிய ஆங்கிலேயப் பகுதிக்கு ஒரு சட்டம் வந்தது: 20 அடி நீளம், 16 அடி அகலம், 40 அடி உயரத்தில் கோபுரம் கட்டுகிறவருக்கு 10 பவுண் மானியம். கோபுரத்தைச் சுற்றிய மதில் வளவுக்குப் பெயர்தான் ‘பாவ்ன்’. அயர்லாந்தில் இதை ‘போன்’ என்பதற்கு நெருக்கமாகவே சொல்கிறார்கள். அப்படியே எழுதினால் தொலைபேசியோடு குழம்பும், கொஞ்சம் மாற்றினால் கடைப் பாணோடு குழம்பும். ஆகவே இங்கே பாவ்ன். மூலம் ஐரிஷ் மொழியின் ‘பாவூன்’. பசு என்ற சொல்லும் கோட்டை என்ற சொல்லும் சேர்ந்த பெயர் என்பது வழக்கமான விளக்கம். இரவில் மாட்டை உள்ளே அடைத்துக் காப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று என்பதால் பெயர் பொருந்தியே இருக்கிறது.

இனி சேவைக்குள் போகலாம். வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் தொல்லியல் பதிவுகள். நீலப் புள்ளிகள் கட்டட மரபுப் பட்டியலுக்குரியவை, பெரும்பாலும் 1700க்குப் பிந்திய வீடுகள், தேவாலயங்கள், பாலங்கள். மண்வேலை தேடுகிறவர் நீலத்தை அணைத்துவிடுவது நல்லது, திரையும் இலேசாகும். சிவப்புப் பதிவுகள் ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பதால் நாடு முழுவதையும் ஒரே பார்வையில் வைத்துத் தேடுவதில் பயனில்லை. ஒரு மாவட்டத்தை எடுத்து, அதில் ஒரு சிற்றூர்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். ‘டவுன்லாண்ட்’ என்ற அந்தப் பிரிவுதான் அங்கே நிலத்தின் ஆகச் சிறிய அலகு. தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் நம்பரும் பெயரும் இருப்பது போல, நாடு முழுக்க 60,000க்கு மேல் இருக்கின்றன.

புள்ளியைத் தட்டினால் பதிவு எண் வரும். அதை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் இரண்டு எழுத்து மாவட்டம், மீத் என்றால் எம்.ஈ. அடுத்த மூன்று இலக்கம் பழைய ஆறு அங்குல வரைபடத்தின் தாள் எண். ஒரு சிறு கோட்டுக்குப் பிறகு வரும் மூன்று இலக்கம் அந்தத் தாளில் அந்தச் சின்னத்தின் எண். அதோடு ஒட்டியிருக்கும் கடைசி மூன்று இலக்கம் உறுப்பு எண். ஒரே வளவில் கோபுர வீடும் பாவ்னும் இருந்தால் தாய் எண் ஒன்றாகவும் கடைசி மூன்று இலக்கம் வேறாகவும் வரும். ஒரு கோபுர வீட்டுக்குப் பக்கத்தில் பாவ்ன் இருக்கிறதா என்று பார்க்க வரைபடத்தைத் துழாவ வேண்டியதில்லை, அதே தாய் எண்ணில் வேறு உறுப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வகைப் பெயர்கள்தான் இந்தச் சேவையின் பெரிய பலம். ‘காசில் – மொட்’, ‘காசில் – மொட் அண்ட் பெய்லி’, ‘காசில் – ரிங்வேர்க்’, ‘காசில் – டவர் ஹவுஸ்’, ‘பாவ்ன்’, ‘மோட்டட் சைட்’ என்று ஒழுங்காகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் வரைவிலக்கணம் உண்டு. கடைசியாகச் சொன்னது 13, 14ஆம் நூற்றாண்டுகளில் நீர் அகழி சூழக் கட்டிய பண்ணை வளவு. பெரும்பாலும் செவ்வகம், நாட்டின் தென்கிழக்கில் அதிகம். இவற்றோடு ‘எர்த்வேர்க்’, ‘என்குளோஷர்’ என்று இரண்டு பொதுப் பெட்டிகளும் இருக்கின்றன. எதிலும் சேர்க்க முடியாத மண்வேலை அவற்றுக்குள் போகும். சுவாரசியமானவை பல அங்கேதான் கிடக்கின்றன, அவசரப்பட்டு ஒதுக்க வேண்டாம். ‘ரிடண்டன்ட் ரெக்கோர்ட்’ என்று வந்தால் அது கைவிட்ட பதிவு. அதை எண்ணிக்கையில் சேர்ப்பது வழமையான பிழை, தரவைத் தரவிறக்கி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆசிரியர்கள் முதலில் இதை வடிகட்டிவிட வேண்டும்.

புள்ளியைச் சுற்றி ஒரு வலயம் வரைந்திருக்கும். அதைக் கோட்டையின் எல்லை என்று எடுத்து அளக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எல்லை அல்ல. அந்தப் பரப்புக்குள் ஏதும் வேலை செய்ய நினைக்கிறவர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பதற்காகத் தாராளமாக வரைந்த வட்டம் அது. உள்ளே இருக்கிற கரை அதில் கால்வாசிகூட இல்லாமல் இருக்கலாம்.

பழைய வரைபடங்களை அடியில் போட்டுப் பார்க்க முடிவது பெரிய வசதி. 1829க்கும் 1842க்கும் இடையில் அளந்த ஆறு அங்குலத் தாள்கள், அதாவது 1க்கு 10,560 அளவுத்திட்டம். பிறகு 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20இன் தொடக்கத்திலும் வந்த 25 அங்குலத் தாள்கள், 1க்கு 2,500. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் முதல் தாளில் முழு வட்டமாக இருந்த கரை இரண்டாவதில் வேலியாகச் சுருங்கியதும், இன்றைய வான்படத்தில் காணாமலே போனதும் தெரியும். மண்வேலையைச் சிறு சீப்புப் பல் போன்ற கோடுகளால் வரைந்திருப்பார்கள். பல்லின் தடித்த பக்கம் மேடு, மெலிந்து போகிற பக்கம் பள்ளம். இதைத் தலைகீழாக வாசித்தால் அகழி கரையாகிவிடும்.

அந்தத் தாள்களில் உள்ள சொற்கள் இன்னொரு பொறி. ‘மோட்’ என்று எழுதியிருந்தால் நம் ஆங்கில அறிவு அகழி என்று சொல்லும். அயர்லாந்தில் அந்தச் சொல் மேட்டைத்தான், மொட் குன்றைத்தான் குறிக்கும். வெஸ்ட்மீத் மாவட்டத்தில் மோட் என்று ஓர் ஊரே இருக்கிறது. ‘ஃபோர்ட்’ என்று எழுதியிருந்தால் படைக்கோட்டை என்று பாய வேண்டாம். பெரும்பாலும் அது ‘ராத்’, நோர்மன்களுக்கு முந்திய காலத்து விவசாயக் குடும்பத்தின் வட்ட வளவு. நாடு முழுக்க சுமார் 45,000 என்று கணக்கு. ‘டேனிஷ் ஃபோர்ட்’ என்றால் டேனியர் கட்டியது என்பது ஊர்ப் பேச்சு, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஊர்ப்பெயரில் ‘பாவ்ன்’ இருந்தால் கோட்டை வளவு என்று நம்பவும் கூடாது. வெண்மை, உழாத புல்நிலம் என்ற பொருள்தரும் ‘பான்’ என்ற ஐரிஷ் சொல்லும் ஆங்கில எழுத்தில் அதே வடிவத்துக்கு வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் ‘லோகனிம்’ என்ற இடப்பெயர்த் தரவுத்தளத்தில் அந்தப் பெயரின் ஐரிஷ் வடிவத்தைப் பார்த்துவிடலாம். அதுவும் இலவசம்.

இரண்டாவது ஜன்னல், அயர்லாந்துப் புவிச்சரிதவியல் ஆய்வகம் வெளியிடும் திறந்த நிலவடிவத் தரவு. விமானத்திலிருந்து லேசர் அடித்து அளந்த லிடார் தரவுதான் அது. நாடு முழுவதற்கும் ஒரே தரத்தில் இல்லை. பல இடங்களில் 1 மீற்றர் கட்டம், சில இடங்களில் 2 மீற்றர். தேடும் இடத்துக்கு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. நிழல்படத்தைத் திரையிலேயே பார்க்கலாம், கோப்பாகவும் இறக்கலாம். தோட்டத்துச் சிக்னலில் இறக்குகிறவர்கள் கோப்பின் அளவைப் பார்த்துக்கொண்டு இரவு டேட்டாவுக்கு ஒதுக்கிவைப்பது புத்தி.

இறக்கிய கோப்பை ‘கியூஜிஐஎஸ்’ என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து ‘ஹில்ஷேட்’, அதாவது ஒரு பக்கமிருந்து ஒளி விழுவது போன்ற நிழல்படம், போட வேண்டும். வழக்கமாக வரும் அமைப்பு வடமேற்கிலிருந்து, 315 பாகையில், 45 பாகை உயரத்தில் ஒளி விழுவது. மலைத்தொடருக்கு அது சரி. அரை மீற்றர் உயரக் கரைக்குச் சரிவராது. ஒளியின் உயரத்தை 15, 20 பாகைக்கு இறக்கி, உயரப் பெருக்கத்தை 3 ஆக்கினால் கரை எழுந்து நிற்கும். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, ஒளி வரும் திசையிலேயே ஓடும் கரைக்கு நிழல் விழாது, அது படத்தில் இல்லாமலே போகும். சதுர பாவ்னில் இரண்டு பக்கம் மட்டும் தெரிந்து மற்ற இரண்டும் தெரியாவிட்டால் நில உரிமையாளரைக் குறை சொல்லும் முன் ஒளியை 45 பாகைக்குத் திருப்பி இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு படமும் சரிவுப் படம் ஒன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் போதும். பெருக்கத்தை 3இல் விட்டுவிட்டு உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது அடுத்த பிழை. உயரம் வேண்டுமென்றால் 3.26ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே வரும் உயரவெட்டுக் கருவியால் கரைக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்து எடுக்க வேண்டும்.

கோப்பு இரண்டு வகையில் வரும். மரம், கூரை எல்லாம் சேர்ந்த மேற்பரப்பு ஒன்று, அவற்றைக் கழித்த வெறும் தரை மற்றது. தேவை இரண்டாவது. ராத் வட்டங்களில் மரமும் முட்புதரும் அடர்ந்திருக்கும், லேசர் தரையைத் தொடாத இடங்களில் கணினி ஊகித்து நிரப்பிவிடும். திரையில் அது தட்டையான முக்கோணத் தகடுகளாகத் தெரியும். தகடு தெரிகிற இடத்தில் கரையின் வடிவத்தைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது.

மலையகத்தில் வளர்ந்தவருக்கு இந்த வேலையில் ஒரு கை கூடுதல். கான் வெட்டிய மலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மண்ணை எந்தப் பக்கம் எறிந்திருக்கிறார்கள் என்பது உடனே படும். தேயிலை மலையில் கான் சமவுயரக்கோட்டை ஒட்டி ஓடும். வெட்டிய மண் பள்ளத்துப் பக்கம், கானின் கீழ் விளிம்பில் விழும். கோட்டை அகழியில் மண் பெரும்பாலும் உள்ளே போகும், சரிவைப் பார்ப்பதில்லை. சரிவான நிலத்தில் ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்புறத்தில் அகழி மேலேயும் கரை கீழேயும் இருக்கும். அது கான் வெட்டியது போலவே இருப்பதால் அங்கே பார்த்து ஒன்றும் தெரியாது. கீழ்ப்புறத்துக்கு வாருங்கள். அங்கே அகழி பள்ளத்திலும் கரை அதற்கு மேலேயும் இருந்தால், வெட்டியவர் மண்ணை மேட்டுப் பக்கம் ஏற்றியிருக்கிறார். தண்ணீர் வடிக்க எவரும் அந்தச் சிரமம் படமாட்டார். வளவைக் காக்க வெட்டியவர்தான் படுவார். சில கோட்டைகளில் அகழிக்கு வெளியேயும் ஒரு சிறு கரை உண்டு. இருந்தாலும் உள்கரையின் பருமனை வெளிக்கரையோடு ஒப்பிட்டால் குழப்பம் தீரும்.

கல் மதில் பாவ்ன் இடிந்து மண்ணானதை அடையாளம் காண்பதற்கு இன்னும் கூர்மையான கண் வேண்டும். மதிலின் நல்ல கல்லை எல்லாம் வீடு கட்டவும் மாட்டுத்தொழுவம் கட்டவும் எடுத்துப் போய்விடுவார்கள். அத்திவாரத்தை விட்டுவிட்டால் அது புல் மூடி, ஒடுங்கலான, பக்கம் சற்றுச் செங்குத்தான திட்டாக நிற்கும். மண்ணால் மட்டும் போட்ட கரை அப்படி நிற்காது. அது பரந்து, தோள் சரிந்து, ஊறிப்போன மூட்டை போலக் கிடக்கும். அத்திவாரத்தையும் தோண்டி எடுத்துவிட்டால் கதை தலைகீழ்: மதில் இருந்த இடத்தில் இப்போது ஒரு சிறு பள்ளம் ஓடும். உயரவெட்டில் அதை அகழி என்று குறித்துவிடுவது மிகச் சாதாரணம். அகழியென்றால் வெளியே அகன்று, உள்ளே கரையோடு இணைந்து போகும். கல் திருடிய பள்ளம் ஒடுங்கலானது, இரு ஓரமும் ஒரே உயரம், பக்கத்தில் கழிவுக் கல் சிறு குவியலாகக் கிடக்கும். மூலைகளைப் பாருங்கள். எதிரெதிர் மூலைகளில் வட்டமாகவோ சதுரமாகவோ வெளியே துருத்திய திட்டு இருந்தால் அது மூலைக் கோபுரத்தின் அடி. துப்பாக்கி வந்த காலத்துப் பாவ்ன் என்பதற்கு அது நல்ல சான்று.

உள்ளே அல்லது மேலே இணைகோடுகளாக, ஒன்றிரண்டு மீற்றர் இடைவெளியில் சிறு வரப்புகள் ஓடினால் அவை உருளைக்கிழங்குப் பாத்திகள். நுவரெலியாப் பக்கத்துக் கிழங்குத் தோட்டத்தைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. பாத்தி கரையின் மேலேறிக் கடந்தால் கரைக்குப் பிந்தியது. கரையோரம் வந்து நின்றுவிட்டால், பாத்தி போட்டவர் கரையைக் கண்டு ஒதுங்கியிருக்கிறார். ராத்தை உடைத்தால் தேவதைகள் பழிவாங்கும் என்ற பயம் அயர்லாந்தின் கிராமங்களில் ஆழமாக இருந்தது, ஆயிரக்கணக்கான வட்டங்கள் உழவுக்குத் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். முனியாண்டி இருக்கிற மரத்தடியில் கவ்வாத்துக் கத்தி வைக்க யோசிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல.

பழகிப் பார்க்க சில இடங்கள். லோங்ஃபோர்ட் மாவட்டத்தின் கிரனார்ட் மொட்டில் தொடங்கலாம். 1199இல் ரிச்சர்ட் டியுட் கட்டியது, நாட்டின் உயரமான மொட்களில் ஒன்று. அதன் உச்சியில் 1932இல் வைத்த புனித பெட்ரிக் சிலை நிற்கிறது. குன்றும் வளவும் எதிரும் புதிருமாகத் தெளிவாகத் தெரிவதால் கண்ணைப் பழக்க ஏற்றது. டிப்பரரியில் கஹிர் ஊருக்கு வடக்கே உள்ள நொக்கிராஃபன், 1192. அங்கே மொட், பெய்லி, சற்றுத் தள்ளிப் பிற்காலக் கோபுர வீடு ஒன்று என்று மூன்றும் கிடைப்பதால் ஒரு பாட வேளைக்கு அது ஒன்றே காணும். வெக்ஸ்ஃபோர்டின் பகின்பன் கடல்முனையில் 1170இல் ரேமண்ட் லெ குரோ இறங்கி, முனையைக் குறுக்கே வெட்டி இரட்டைக் கரை போட்டான். முன்னால் கரை, மூன்று பக்கமும் கடல், மிச்சம் விளக்கம் தேவையில்லை.

ட்ரிம் கோட்டை வேறு பாடம் சொல்லும். மீத் நிலப்பரப்பு 1172இல் நோர்மன் பிரபு ஹியூ டி லேசிக்குக் கிடைத்ததும் அவன் அங்கே முதலில் போட்டது மண்ணும் மரமுமான ரிங்வேர்க். ஓரிரு ஆண்டுக்குள் ஐரிஷ் அரசன் ருவாய்ட்ரி ஓ’கொனரின் படை வந்தபோது அது எரிந்தது. பிறகு அதே இடத்தில் எழுந்ததுதான் இன்று எல்லாரும் படம் பிடிக்கிற கல் கோபுரம். ரிங்வேர்க்கை அகழ்வாய்வில்தான் கண்டார்கள். லிடாரை எந்தப் பக்கம் திருப்பினாலும் மேலே நிற்கும் கல் கோட்டைதான் தெரியும். கல் கோட்டையின் புள்ளிக்குக் கீழே மண்கோட்டை ஒளிந்திருக்கலாம் என்பதைப் பதிவின் விளக்கத்தை வாசித்தால்தான் பிடிக்க முடியும்.

வகைப் பெயரை வேதவாக்காக எடுக்கிறவர்களுக்கு கிளேர் மாவட்டத்தின் பியல் போரு. ஷனன் ஆறு ஏரியை விட்டு இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் பிரமாண்டமான வட்டக் கரை. 1961இல் பேராசிரியர் எம். ஜே. ஓ’கெல்லி அகழ்ந்தபோது, அடியில் 11ஆம் நூற்றாண்டு ராத் ஒன்று இருந்தது. அதன் மேல் ஏற்றிய பெருங்கரை, 1207இல் நோர்மன்கள் தொடங்கி முடிக்காமல் விட்ட மொட் வேலை என்று அவர் விளக்கினார். ஒரே கரை, இரண்டு காலம், இரண்டு வகை. வெளியிலிருந்து பார்த்து ஒரு பெயர் சூட்டிவிட்டுப் போகிற இடமல்ல அது.

ஆள்கூறு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பதிவில் வருவது ஐ.டி.எம். என்ற புதிய ஆள்கூறு. பழைய நூல்களிலும் அறிக்கைகளிலும் இருப்பது ஐரிஷ் கிரிட். புதியதன் தொடக்க எண்கள் 600,000, 750,000. பழையதன் எண்கள் 200,000, 250,000. கலந்துவிட்டால் கோட்டை நானூறு கிலோமீற்றர் கிழக்கும் ஐந்நூறு கிலோமீற்றர் வடக்கும் தள்ளி, அல்லது அதே அளவு மேற்கும் தெற்கும் தள்ளி, பெரும்பாலும் கடலில் போய் விழும். நம்மிடமும் இதே தலையிடி உண்டு: பிதுருதலாகலையை மையமாகக் கொண்ட பழைய கண்டவல முறையில் தொடக்க எண் 200,000, புதிய 99ஆம் ஆண்டு முறையில் 500,000. கியூஜிஐஎஸ்ஸில் அயர்லாந்துக்கு 2157 என்ற குறியீட்டைக் கொடுத்தால் ஐ.டி.எம். சரியாக உட்காரும்.

குறைகளுக்கு வருவோம். எல்லாப் பதிவுக்கும் விளக்கம் இல்லை. சிலவற்றில் முழு அளவு, கரையின் அகலம், வாசலின் திசை வரை எழுதியிருப்பார்கள். சிலவற்றில் வகைப் பெயரும் ஊர்ப்பெயரும் மட்டும். விளக்கம் இருந்தாலும் அதன் கீழே உள்ள பதிவேற்றத் திகதியைப் பார்க்க வேண்டும், களத்தில் பார்த்தது அதற்குப் பல ஆண்டு முந்தியதாக இருக்கலாம். இன்னொன்று, வட அயர்லாந்தின் ஆறு மாவட்டங்கள் இதில் இல்லை. அவற்றுக்கு வேறு நிருவாகம், வேறு பதிவேடு, வேறு எண் முறை. பாவ்ன் தேடுகிறவருக்கு இது நேரடி இழப்பு. 1609–10 அளவில் வடக்கே ஆங்கிலேய அரசின் குடியேற்றம் நடந்தபோது 1,000 ஏக்கர் பெற்றவரும் குறைந்தது ஒரு பாவ்னாவது கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. 1618–19இல் ஆய்வுக்குப் போன பின்னார் என்பவர் 60 அடி, 80 அடி சதுரம் என்று அளவோடு எழுதிவைத்திருக்கிறார். அந்தக் குடியேற்ற மாவட்டங்கள் ஆறில் இந்தச் சேவையில் கிடைப்பவை டொனிகோல், கவன் இரண்டும்தான். மற்றதற்கு வடக்கின் பதிவேட்டைத் தனியாகத் திறக்க வேண்டும்.

சிறிய கைத்தொலைபேசித் திரையில் அடுக்குகளை ஏற்றி இறக்குவது கண்ணுக்குத் துன்பம். மடிக்கணினியில் இரண்டு ஜன்னலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வேலை ஓடும். தமிழ் கிடையாது. ஆனால் வகைப் பெயர்கள் முப்பதைப் படித்துவிட்டால் உயர்தர மாணவர் ஒருவருக்குச் சிரமம் இராது. புவியியல் ஆசிரியர்களுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். கோட்டை என்றால் கடுகண்ணாவைக்குப் பக்கத்து பலன போலக் கல்லும் படியும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் முதலில் கிரனார்டை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

டப்ளின் பக்கம் உறவுக்காரர் இருந்தால் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லலாம். வரைபடத்தில் புள்ளி இருப்பது உள்ளே போக அனுமதி அல்ல, பெரும்பாலானவை தனியார் மேய்ச்சல் நிலம். உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும், திறந்த படலையை மூட வேண்டும், காளை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உலோகம் தேடும் கருவியை எடுத்துப் போகவே கூடாது. 1987இலிருந்து அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதைக் கொண்டு தொல்பொருள் தேடுவது குற்றம். நல்ல காலம் மாரி, புல் கட்டையாகவும் வெயில் தாழ்ந்தும் இருக்கும் மாதங்கள். காலை அல்லது பின்னேரம், கரைக்குக் குறுக்கே ஒளி விழும்போது, கரையின் நீளவாட்டில் நின்று எடுக்கச் சொல்லுங்கள். அகழிக்குள் ஒருவர், கரைமேல் ஒருவர் நின்றால் அளவு தெரியும். எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். உச்சியில் ஏறி நின்று கீழே பார்த்து எடுத்து அனுப்பினால் வருவது பச்சைப் புல் மட்டும்.